பேரிங் வீட்டுக்கு ஒரு வளையம்

அம்மாவுக்குப் பதவி உயர்வு வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பல வருடமாக வேலை செய்கிறார். சூடான அச்சுகளிலிருந்து கையுறை உருவும் வரிசையில் நின்றவரை அந்த வரிசைக்கே பொறுப்பாளராகப் போடுவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனைதான். மற்றவர்கள் வருமுன் வந்து இயந்திரங்களை ஓட விட வேண்டும். எங்கள் ஊரான கிள்ளானிலிருந்து ஆட்களை ஏற்றிப் போகும் வேன் அவ்வளவு சீக்கிரம் புறப்படாது. தன் மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும். அதுவோ கொஞ்ச நாளுக்குள் இரண்டு முறை நடுவழியில் நின்றுவிட்டது.

“இந்த மோட்டார நம்பி நான் எப்படி வாக்குக் குடுக்கறது? மொத வாரமே லேட்டா போய் நின்னா, இந்தம்மாவுக்கு எதுக்கு இதெல்லாம்னுதான் பேசுவாங்க” என்றார் அம்மா.

கடன் போட்டுப் புது வண்டி வாங்குவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அப்பா லோரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் ஜோகூர் பக்கம் இருப்பார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதால், விஷயம் மகளான என்னிடம் வந்து நின்றது.

எங்கள் குடும்பத்தில் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். உலோகங்களைப் பற்றிய பொறியியல் படித்துவிட்டு, காஜாங் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அலுமினியப் பாகங்களுக்குக் கெட்டியான மேற்பூச்சு கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு ஆன்டிக்கு நான் வாஷிங் மெஷின் பார்க்கிற எஞ்சினியர். அந்த நினைப்பைத் திருத்துவதை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. ஆனால் தேய்ந்த அலுமினியம் என்றால், அது நான் படித்த பாடமேதான்.

அம்மாவின் வண்டி இங்கே எல்லாரும் ஓட்டும் சின்ன கப்சாய். அதன் எஞ்சின் தலையில், அலுமினிய வார்ப்புக்குள், கேம் என்ற தண்டு சுழன்று வால்வுகளைத் திறந்து மூடுகிறது. தண்டின் இரண்டு முனையிலும் பேரிங் இருக்கும். பேரிங் உட்காரும் வட்டமான குழியை மெக்கானிக்குகள் பேரிங் வீடு என்கிறார்கள். பேரிங் எஃகு, வீடு அலுமினியம். வருடக்கணக்காக அதிர்ந்து அதிர்ந்து வீடு பெரிதாகிவிடும். பிறகு பேரிங் வீட்டோடு சேர்ந்து இருக்காமல் தானே சுற்றத் தொடங்கும். டக்டக்கென்று ஒரு சத்தம் வரும். கழிவு எண்ணெயை வெயிலில் பார்த்தால் வெள்ளியாக மினுக்கும். அந்த மினுக்கம் வீட்டுச் சுவர்தான்.

இதற்கு எங்கள் பகுதி மோட்டார் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. ‘பஞ்ச்’ என்ற கூரான உளியை வைத்து வீட்டுச் சுவரைச் சுற்றிலும் புள்ளி புள்ளியாகக் குத்துவார்கள். ஒவ்வொரு குத்தைச் சுற்றியும் அலுமினியம் கொஞ்சம் மேடாகும். அந்த மேடுகள் பேரிங்கைப் பிடித்துக்கொள்ளும். சத்தம் நின்றுவிடும், ஆளும் சந்தோஷமாகப் போவார். சில மாதத்தில் மேடுகள் நசுங்கியதும் மறுபடி வருவார். அம்மா அப்படிப் போய்ப் போய் வந்தவர். சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லாருமே நினைத்தோம், நான் உட்பட.

அம்மா எப்போதும் போகும் மோட்டார் கடைக்கார அண்ணன் எஞ்சின் தலையை, அதாவது ஹெட்டை, கழற்றி என் கையில் கொடுத்தபோது, உள்ளே பழைய குத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அம்மைத் தழும்பு போல இருந்தன. அளந்து பார்த்தேன். குழி வட்டமாகவே இல்லை, முட்டை வடிவமாகிவிட்டிருந்தது.

“இன்னொரு தடவ குத்திடவா, எஞ்சினியர்?”

“வேணாண்ணே. குத்த இடமே இல்ல.”

“அப்ப செகண்ட் ஹேண்ட் ஹெட் பாப்போம் லா.”

“அது மட்டும் தேயாமலா இருக்கும்?”

அவர் சிரித்துக்கொண்டே தூக்கிப் போட வைத்திருந்த பழைய ஹெட் ஒன்றைக் கொடுத்தார். “இத வச்சு வெளையாடுங்க. ஒங்கம்மா மோட்டார்ல வெளையாடாதீங்க.”

என் முதல் யோசனை எங்கள் தொழிற்சாலை செய்கிற வேலையேதான். அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி, அலுமினியத்தின் மேலேயே கல் போல ஒரு தோலை வளர்ப்போம். குழியை அந்தத் தோலால் கெட்டியாக்கிவிட்டால் தேயாது என்று நினைத்தேன். எங்கள் பாஸ் ஒரே ஒரு விதி சொன்னார்: எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டுகூடப் பெரிய தொட்டியில் விழக்கூடாது. ஆகவே சின்னச் சோதனைத் தொட்டியில் பழைய ஹெட்டை இறக்கினேன். எவ்வளவு கழுவியும் அது எண்ணெயை வியர்த்துக்கொண்டே இருந்தது. வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கான் அதிகம். தோல் திட்டுத் திட்டாக, சாம்பல் மாதிரி வளர்ந்தது. பேரிங்கை அழுத்தியதும் பொடியாக உதிர்ந்தது.

அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த ஹெட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோல் நன்றாக வளர்ந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? கோணலான குழிக்கு மேல் கெட்டியான தோல் போட்டால், கெட்டியான கோணல்தான் கிடைக்கும். தேய்மானம் என்றாலே மேற்பரப்பு மென்மையாக இருப்பது என்று என் மூளை பழகிவிட்டது. இங்கே முதலில் போனது பிடிப்பு. அதனால்தான் பேரிங் சுற்றியது, சுற்றியதால்தான் சுவர் தேய்ந்தது.

எனவே குழியைப் பெரிதாக, சுத்தமான வட்டமாகக் கடைந்து, உள்ளே ஒரு வளையத்தை இறுக்கமாகப் பொருத்த வேண்டும். எதில் செய்வது? இரும்பு கெட்டிதான். ஆனால் எஞ்சின் சூடானால் அலுமினியம் அதிகமாக விரியும், இரும்பு குறைவாக விரியும், வளையம் தளர்ந்துவிடும். வளையமும் அலுமினியமாக இருந்தால் இரண்டும் சேர்ந்து விரியும். வார்ப்பாக இல்லாமல் நல்ல தரமான கம்பியிலிருந்து கடைந்தெடுத்தால் அதன் உள்பக்கம் எங்கள் தோலும் அழகாக வளரும். எண்ணெய் படாத புது வளையம் என்பதால் பாஸும் பெரிய தொட்டியைத் தந்தார். அம்மா மோட்டார் ஹெட்டின் இரண்டு குழிகளையும் ஒரு கடைசல் பட்டறையில் ஒரே பிடியில், ஒரே நேர்கோட்டில் கடைந்து வாங்கிக்கொண்டேன்.

இதைக் கேட்ட கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. “அலுமினியம் தேஞ்சு போச்சுன்னு அலுமினியமே போடுறீங்களா? வாழப்பழத்துக்கு வாழத்தோல்ல பிளாஸ்டரா?”

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹெட்டைச் சூடாக்க, பெயிண்ட் காய வைக்கிற மின் அடுப்பை அண்ணன் தயாராக வைத்திருந்தார். வளையங்களை வீட்டில் ஐஸ் பெட்டியில், மீன் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். அம்மா அவற்றைச் சாப்பாட்டு ஃபிளாஸ்கில் ஐஸோடு போட்டுக் கையோடு எடுத்து வந்தார்.

“என்னக்கா, சாப்பிட ஐஸ் கச்சாங்கா?”

“ஒனக்கில்ல தம்பி, மோட்டாருக்கு.”

சூட்டில் குழி விரிந்திருக்கும், குளிரில் வளையம் சுருங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்திருக்கும் அந்தச் சில நொடியில் உள்ளே விட்டுவிட வேண்டும். முதல் வளையம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இரண்டாவதை விடும்போது என் கை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. பாதியில் கோணலாக நின்றது. அண்ணன் சுத்தியலைத் தூக்கினார்.

“அடிக்காதீங்கண்ணே! தோல் ஒடைஞ்சிடும்.”

“அப்ப மறுபடி அடுப்புல போடுங்க.”

“போட்டா ரெண்டும் ஒண்ணாத்தான் விரியும், விடாது.” நான் எதை நம்பி அந்த உலோகத்தைத் தேர்ந்தெடுத்தேனோ, அதுவே இப்போது எனக்கு எதிராக நின்றது. வளையத்தை மட்டும் குளிர வைக்க வேண்டும். “அம்மா, ஐஸ்! துணில சுத்தி வளையத்துக்குள்ள வைங்க. அண்ணே, நீங்க வெளிப்பக்கம் மட்டும் தீ காட்டுங்க.”

அம்மா ஐஸைத் துணியில் உருட்டி உள்ளே திணித்துப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் சூட்டில் பட்டுச் சீறியது. ஆவியில் கை சுடும் என்று நான் சொல்லி முடிக்குமுன், “தெனம் சூட்டுலதானே நிக்கறேன், நீ வேலையப் பாரு” என்றார். மரக்கட்டையால் லேசாகத் தட்டினேன். வளையம் நிமிர்ந்தது. இன்னொரு தட்டில் உள்ளே போய் அடியில் உட்கார்ந்தது.

ஹெட்டை மாட்டி வண்டியை ஓட விட்டபோது எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அம்மா ஒரு வாரம் மெதுவாக ஓட்டினார். அதற்கடுத்த சனிக்கிழமை, மாதம் முடியப்போகிற நேரம், எண்ணெய் மாற்றக் கடைக்குப் போனோம். வடிந்த எண்ணெயை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மினுக்கம் இல்லை. அம்மா என்னிடம் கேட்டார்: “இது எத்தன நாளைக்குத் தாங்கும்?”

நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் சொன்னார்: “ஆயுசுக்கும் தாங்கும்க்கா! எஞ்சினியர் போட்டது.”

இத்தனை நாள் வாழைத்தோல் என்று கிண்டல் செய்த மனிதர்! அந்தப் பாராட்டை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா கேட்டது என்னை.

“தெரியாதும்மா.”

“தெரியாதா? இவ்வளவு படிச்சுட்டு?”

“புதுசா செஞ்சது. எத்தன வருசம்னு யாருக்கும் தெரியாது. ஆனா திடீர்னு போகாது. தளர ஆரம்பிச்சா சத்தம் வர்றதுக்கு முன்னாடியே கையில தெரியும். ஒவ்வொரு தடவ ஆயில் மாத்தும்போதும் மூடியத் தெறந்து, கேமை ஆட்டிப் பாக்கறேன். ஆட்டம் இருந்தா அப்பவே சொல்லிடுவேன். ரோட்டுல நிக்க விடமாட்டேன்.”

அண்ணன், இந்தப் பெண் வியாபாரத்துக்கு ஆகமாட்டாள் என்பது போல என்னைப் பார்த்தார். அம்மா மோட்டார் இருக்கையைக் கையால் தடவியபடி நின்றார்.

“நாங்களும் அப்படித்தான்” என்றார் பிறகு. “கையுறைல தண்ணி ஊத்தி ஊத்திப் பாப்போம். கிழியவே கிழியாதுன்னு எங்க ஃபேக்டரில யாரும் சொல்ல மாட்டாங்க. எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கறதுதான் வேல.”

கைப்பையிலிருந்து போனை எடுத்துக் கடை வாசலுக்குப் போனார். மேற்பார்வையாளர் ஒரு மலாய்ப் பெண். அம்மா மலாயில் பேசினார். பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “போலே, கக்” என்று அந்த அக்காவிடம் சொன்னார். திங்கட்கிழமையா என்று கேட்டுவிட்டு, மறுபடி “போலே” என்றார். முடியும் என்று சொல்லிவிட்டார்.

போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். சிரிக்கவில்லை. ஆனால் தோள் நிமிர்ந்திருந்தது.

“தம்பி, அடுத்த ஆயில் எப்ப மாத்தணும்?”

“அடுத்த மாசம்க்கா. நானே பாத்துடறேன், இவங்க எதுக்கு காஜாங்லேர்ந்து அலையணும்?”

“நீ ஆயில மாத்து. மூடிய இவ வந்துதான் தெறக்கணும்” என்று சொல்லிவிட்டு அம்மா ஹெல்மெட்டை மாட்டினார்.