நோட்டு வேண்டாம், போட்டி வையுங்கள்

2013-ஆம் வருடம், ஜூலை மாதம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எங்கள் தொழிற்சாலை சார்பில் ஆளுக்கு இரண்டு நோட்டு, ஒரு பேனா, ஒரு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தோம். பொறியியல் முடித்துவிட்டு, கார் உதிரிபாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நான் பயிற்சிக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புதிதாகச் சேர்ந்தவள், சுறுசுறுப்பாக வேறு இருக்கிறாள் என்று இந்த மாதிரி வேலைகளை எல்லாம் என் தலையில் கட்டிவிடுவார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

எட்டாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் நோட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். ரெட்டைச் சடை, ரிப்பன். புகைப்படக்காரர், "நவுரும்மா, பின்னாடி ஆள் நிக்குது பாரு" என்றார். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நோட்டு ஸ்கூல்லயே குடுத்துட்டாங்கக்கா. எங்க எதிர் வூட்டுப் பையன் உங்க கம்பெனியில போட்டின்னு சொல்லி கப்பு வாங்கினு வந்தான். எங்களுக்கு எப்போ போட்டி வெப்பீங்க?"

அவள் சொன்னது சரிதான். போன மாதம்தான் பக்கத்து மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகளை ஏசி அரங்குக்கு அழைத்து, ஆங்கிலத்தில் வினாடி வினா வைத்துக் கோப்பை கொடுத்திருந்தோம். அவர்களுக்குக் கேள்வி, இவர்களுக்கு வாழைப்பழம். இப்படிப் பிரிக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. அது தானாகவே அப்படி அமைந்துவிட்டது. யாருக்கும் உறுத்தவும் இல்லை. அரசாங்கமே நோட்டு கொடுக்கும் பிள்ளைகளுக்கு நாமும் நோட்டையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோமே என்று எனக்கே அவள் கேட்ட பிறகுதான் உறைத்தது.

திரும்பி வரும் வேனில் யோசனை பிறந்துவிட்டது. போட்டி வைக்க வேண்டும். இவர்களுக்குத் தனியாக ஒன்று, அவர்களுக்குத் தனியாக ஒன்று என்று இல்லாமல், ஒரே போட்டி, கலந்த அணிகள். அதை நடத்த எங்கள் தொழிற்சாலையிலேயே அருமையான ஓர் இடமும் இருந்தது.

புதிதாக வேலைக்கு வருபவர்களை நேராக லைனுக்கு அனுப்ப மாட்டார்கள். பயிற்சிக் கூடத்தில் ஒரு சின்ன லைன் உண்டு. வரிசையாக மேஜைகள், ஒவ்வொரு மேஜையிலும் ஒருவர் ஒரு பாகத்தை மாட்டி அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். மேஜைகளுக்கு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு சிவப்புக் கயிறு ஓடும். தப்பு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். இழுத்தால் ஐஸ் வண்டி மாதிரி ஒரு பாட்டுச் சத்தம் வரும், எல்லோரும் வேலையை நிறுத்திவிட வேண்டும். இழுத்தவரைத் திட்டக் கூடாது. முதலில் நன்றி சொல்ல வேண்டும், அப்புறம்தான் என்ன தப்பு என்று கேட்க வேண்டும். நட்டு முடுக்குவதை ஒரே நாளில் கற்றுக்கொள்பவர்களுக்குக்கூட இந்தக் கயிற்றை இழுக்கக் கை வராது. சூப்பர்வைசர் முறைப்பாரோ, பக்கத்தில் நிற்பவன் கேலி பண்ணுவானோ என்று பயம்.

விடுதி அறையில் என்னுடன் இருந்தவள் தூத்துக்குடிக்காரி. சொன்னதும் சிரித்தாள். "ஏட்டி, ஒனக்கு வேற சோலியே இல்லியா? அவனுவ டை கட்டிட்டு வந்து நட்டு முடுக்குவானுவளாக்கும்!"

மனிதவளப் பிரிவு மேலாளர் சிரிக்கவில்லை. "யம்மா, போட்டோ எடுத்து நல்லபடியா முடிச்சுனு வர்ற வேலைம்மா இது. பசங்க அடிச்சிக்கினா யாரு பதில் சொல்றது?" நான் விடவில்லை. இரண்டு வாரம் அவர் டீ குடிக்கும் நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன். கடைசியில், "சரி, ஒரே ஒரு வாட்டி. எதனா ஏடாகூடமா ஆச்சு, அடுத்த வருஷம் பழையபடி நோட்டுதான். அப்புறம் என்னாண்ட வந்து நிக்கக் கூடாது" என்றார். ஆக, அந்த ஒரு நாள் சரியாக நடக்காவிட்டால் ரெட்டைச் சடைக்காரிக்கு ஒரு நாளும் போட்டி கிடையாது.

மெட்ரிக் பள்ளி ஆசிரியை தயங்கினார். "எங்க பசங்க தனி டீம்னா அனுப்பறோம் மேடம். கலந்து வேணாமே. பேரன்ட்ஸ் கேப்பாங்க." அது நான் எதிர்பார்த்ததுதான். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியையும் தயங்கியதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "எங்க பிள்ளைங்க அந்தப் பசங்க முன்னாடி வாயே தொறக்காம நின்னா, எல்லாரும் ஐயோ பாவம்னு பாப்பாங்கம்மா. அதுக்கு அந்த நோட்டே தேவலை." எவ்வளவு உண்மை! இருவரையும் ஒருமுறை பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துவந்து, லைனைக் காட்டி, கயிற்றையும் இழுக்கச் சொன்னேன். அந்தப் பாட்டுச் சத்தத்தைக் கேட்டு இருவரும் சிரித்துவிட்டார்கள். சம்மதமும் கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை காலை போட்டி. பராமரிப்புப் பிரிவு அண்ணன்கள் மரத்தில் சின்னச் சின்ன வண்டிகளுக்கான பாகங்களை அறுத்துக் கொடுத்திருந்தார்கள். பலகை, அச்சு, வாஷர், சக்கரம், நட்டு. சீட்டுக் குலுக்கி, அணிக்கு எட்டுப் பேராக நான்கு அணிகள்; ஒவ்வோர் அணிக்கும் தனி லைன், தனிக் கயிறு. ஒவ்வொன்றிலும் பாதி அவர்கள், பாதி இவர்கள். அரை மணி நேரத்தில் எந்த அணி அதிக வண்டி செய்கிறதோ அதற்குக் கோப்பை. கோணலாக ஓடும் வண்டிக்கு மதிப்பெண் குறையும்.

குலுக்கி என்ன பயன்? ஒரே அணியிலும் அவர்கள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம்தான் நின்றார்கள். "டேய், டை பூந்து சக்கரத்துல மாட்டிக்கப் போவுது, பாத்து" என்று ஒரு குரல். டை கட்டிய பக்கத்திலிருந்து, "மிஸ், ரூல்ஸ இங்கிலீஷ்ல சொன்னா இவங்களுக்குப் புரியுமா?" என்று மெல்ல ஒரு கேள்வி. நான் விதிகளைத் தமிழிலேயே சொன்னேன். கயிற்றைப் பற்றி இரண்டு முறை சொன்னேன்.

நீல அணியில் அந்த ரெட்டைச் சடைப் பெண் இருந்தாள். அவளுக்குக் கடைசி மேஜை. முடிந்த வண்டியை உருட்டிப் பார்த்து அடுக்க வேண்டும். அதே அணியில் நடு மேஜையில் மெட்ரிக் பள்ளிப் பையன் ஒருவன். கண்ணாடி, இறுக்கிக் கட்டிய டை. அச்சில் வாஷரைப் போடுவது அவன் வேலை.

விசில் ஊதியதும் லைன் ஓட ஆரம்பித்தது. ஆனால் தலைமை ஆசிரியை பயந்தது அப்படியே நடந்தது. மெட்ரிக் பிள்ளைகள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று அதிகாரம் பண்ண, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்தார்கள். அன்று அத்தனை பேர் முன்னால் தைரியமாகக் கேட்ட அந்தப் பெண்ணே ஊமையாகி நின்றாள். ஒரு வண்டியை உருட்டினாள், முகம் சுளித்தாள், அண்ணாந்து கயிற்றைப் பார்த்தாள். கை பாதி தூரம் மேலே போனது. பிறகு இறங்கிவிட்டது. கதவோரம் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நோட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஐஸ் வண்டிப் பாட்டு ஒலித்தது.

இழுத்தது அந்தக் கண்ணாடிப் பையன். கயிற்றைப் பிடித்த கையை இன்னும் விடவில்லை. காது சிவந்திருந்தது.

"ஸாரி மிஸ்… நான்தான் தப்பு பண்ணிட்டேன். வாஷரை வெளிப்பக்கமா போட்டுட்டேன். இது மட்டும் இல்ல… முன்னாடி போனது எல்லாமே."

அடுத்த அணியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பையன் தன் ஆசிரியை இருந்த பக்கம் பார்த்தான். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அடுத்தவன் தப்பைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும் என்றால், இத்தனை பேர் முன்னால், தன் பள்ளி பார்க்க, போட்டியில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, யாருமே கண்டுபிடித்துச் சொல்லாத தன் தப்பைத் தானே சொல்ல எவ்வளவு வேண்டும்! பல வருட அனுபவம் உள்ளவர்கள் அதைச் செய்யத் தயங்குவதை அந்தக் கூடத்திலேயே பார்த்திருக்கிறேன்.

அப்போது கடைசி மேஜையிலிருந்து ஒரு குரல். "தேங்க்ஸ்பா!" என்று கத்தினாள் ரெட்டைச் சடைக்காரி. பிறகு மற்றவர்களைப் பார்த்து, "இன்னா முழிச்சினு நிக்கிறீங்க? கவுறு இழுத்தா தேங்க்ஸ் சொல்லணும்னு அக்கா சொன்னாங்க இல்ல? சொல்லுங்க!" என்று ஓர் அதட்டல். நீல அணி மொத்தமும் "தேங்க்ஸ்" என்றது. ஆசிரியை மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

அவள் முடிந்த வண்டிகளை எல்லாம் வாரிக்கொண்டு அவன் மேஜைக்கே போனாள்.

"நானும் பாத்தேன். சக்கரம் உரசுது. சொன்னா நீ திட்டுவியோன்னு கம்முனு இருந்தேன்."

"நானா? நீங்க எல்லாரும் சேந்து சிரிப்பீங்கன்னு நான்ல பயந்துனு இருந்தேன்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட அந்தப் பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பயமுறுத்த எதிரில் யாருமே இல்லை என்று ஒரே நேரத்தில் கண்டுபிடித்தவர்களின் பார்வை.

அப்புறம் நீல அணியைப் பிடிக்க முடியவில்லை. எட்டுப் பேரும் ஒரே மேஜையைச் சுற்றி நின்று சக்கரங்களைக் கழற்றினார்கள். டை தோளுக்குப் பின்னால் போனது. கை ஓடிக்கொண்டிருக்க, வாயும் ஓடியது.

"உங்கப்பா இன்னா வேலை?"

"பக்கத்துக் கம்பெனில லைன்ல. இந்த வாரம் நைட் ஷிப்ட்."

"எங்கப்பாவும் அங்கதான்! நைட்டுதான்! மண்ணூர் கூட்ரோடுல பஸ் ஏறுவாரே?"

"எங்கப்பாவும் அங்கதான் ஏறுவாரு!"

ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் தூங்கி வழிந்துகொண்டு போகும் இரண்டு அப்பாக்களின் பிள்ளைகள். ஓர் அப்பா ஓவர்டைம் பார்த்து அந்த டையை வாங்கிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்று இவர்களும், ஒன்றும் தெரியாதவர்கள் என்று அவர்களும் நினைத்திருந்தது அந்த மேஜையில் கழன்று விழுந்த வாஷர்களோடு போயிற்று.

மீதி நேரத்தில் நீல அணியின் கயிறு ஓயவே இல்லை. "இரு, நட்டு லூசு!" பாட்டு. "ஏய், பலகை தலைகீழ்!" பாட்டு. ஒவ்வொரு தடவையும் எட்டுப் பேரும் ராகம் போட்டு "தேங்க்ஸ்" சொன்னார்கள். அதைப் பார்த்து மற்ற அணிகளிலும் கைகள் மேலே போக ஆரம்பித்தன. கூடம் முழுக்க ஒரே பாட்டுச் சத்தம்.

முடிவு அறிவித்தார்கள். நீல அணி கடைசி. அத்தனை வண்டியையும் பிரித்து மாட்டினால் வேறென்ன ஆகும்? கோப்பை மஞ்சள் அணிக்குப் போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் போய், "பரவாயில்லம்மா…" என்று ஆரம்பித்தேன்.

அவள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே என்னை விநோதமாகப் பார்த்தாள். "தோக்கறதுக்கும் போட்டின்னு ஒண்ணு இருக்கணும் இல்லக்கா? நோட்டு வாங்கறதுல எப்டித் தோக்கறது?"

மேலாளர் அந்தப் பக்கமாக வந்தார். நீல அணியின் வண்டி ஒன்றை எடுத்து நீண்ட மேஜையில் உருட்டிவிட்டார். அது கோடு போட்டது மாதிரி நேராக ஓடி, அந்தக் கோடியில் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்தவர், "நம்ம ஆளுங்களுக்கு அந்தக் கவுறு இழுக்க மாசக்கணக்கா ஆவுதும்மா" என்றார். போகிறபோது, "நோட்டு ஆர்டர் குடுக்க வேணாம்னு நான் ஸ்டோர்ல சொல்லிடறேன்" என்றும் சொன்னார். வண்டியை அவர் திருப்பித் தரவே இல்லை.

மெட்ரிக் பள்ளி ஆசிரியை தன் மாணவனின் டையை முன்னால் எடுத்துவிட்டபடி என்னிடம் கேட்டார்: "அந்தக் கயிறு எங்க கிடைக்கும் மேடம்? என் கிளாஸ்ல ஒண்ணு கட்டிப் பாக்கலாம்னு…"

கிளம்பும்போது ரெட்டைச் சடைக்காரி வேனின் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள். "அக்கா, அடுத்த வாட்டி எங்க ஸ்கூல்ல வைங்க. அவங்கள வரச் சொல்லுங்க. ரூல்ஸ் நான் சொல்றேன்." பக்கத்தில் நின்ற பேருந்திலிருந்து கண்ணாடிப் பையன், "ரெண்டு தடவை சொல்லணும், ஓகேவா?" என்று கத்தினான்.

வருகிற ஜூலையில் அப்படித்தான் செய்யப்போகிறோம். மெட்ரிக் பள்ளிப் பேருந்து முதல்முறையாக அந்த அரசுப் பள்ளியின் வாசலுக்குள் நுழையும். எத்தனை பெற்றோர் சம்மதிப்பார்கள், மேஜைகளைக் கொண்டுபோக லாரி கிடைக்குமா, எதுவும் இன்னும் உறுதியில்லை. கயிறு மட்டும் வாங்கிவிட்டேன். "ஏட்டி, கயிறு வாங்கப் போறேன்னதும் கல்யாணத்துக்குத்தான்னுல்லா நெனச்சேன்" என்று என் அறைத் தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

தன் தப்பைச் சொல்ல உயர்ந்த ஒரு கையும், அதற்கு உடனே நன்றி சொன்ன ஒரு குரலும் எந்தப் பள்ளியைச் சேர்ந்தவை என்று அந்த அரை மணி நேரம் யாருக்குமே நினைவில்லை. அந்த அரை மணியை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்க முடியுமா என்றுதான், அடுத்த வாரம் அந்தப் பள்ளிக்குச் சுவரில் கொக்கி அடிக்க இடம் பார்க்கப் போகிறேன்.