கட்டிங் மாஸ்டரின் களைப்பு

ரத்தம் குறைந்த ஒருவன் உட்கார இடம் கேட்டால், முதலில் ஏன் புத்திமதி கிடைக்கிறது? கட்டிங் மாஸ்டரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அவருக்குப் பெருங்குடலில் புண். டாக்டர்கள் அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்பார்கள். மலத்தோடு ரத்தம் போகும். தூங்கி எழுந்தாலும் தீராத, கால்களில் ஈரமண்ணைக் கட்டியது போன்ற களைப்பு. மனைவியின் அண்ணன் நடத்திய சட்டைத் தொழிற்கூடத்தில், அடுக்கிய துணியை மின்கத்தியால் அறுப்பது அவர் வேலை. நின்றுகொண்டே செய்ய வேண்டும். அந்தக் கத்தி கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதே அவர் கவலை.

"என்ன மாப்ள, மறுபடியும் பாத்ரூமா? அங்கயே கட்டில் போட்டுத் தரவா?" என்பார் மச்சான். சிரிப்பதற்காகவே தையல் மெஷின்கள் நிற்கும்.

"ரத்தம் கம்மியா இருக்கு மச்சான். ஒரு ஸ்டூல் குடுங்க, போதும்."

"கட்டிங் மாஸ்டர் உக்காந்து வெட்டி எங்கயாச்சும் பாத்திருக்கியா? பீட்ரூட் சாறு குடி. எல்லாம் ஊறிடும்."

தினமும் அவரே ஒரு குவளை கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பார். அன்பு இவ்வளவு அருவருப்பாகவும் இருக்க முடியும். மாஸ்டரைப் பொறுமைசாலி என்று புகழவும் தோன்றவில்லை. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

சாறு கழிவறையைச் சிவப்பாக்கியது. அதனால் நோய் மறுபடி கிளம்பி ரத்தம் கொட்டியபோது, அதையும் பீட்ரூட் என்றே எண்ணித் தண்ணீர் ஊற்றினார். ஒரு முற்பகலில் தலை சுற்ற, துணி அடுக்கின் மேல் சாய்ந்தார். சாயவே கூடாது, அடுக்கு நழுவும். நழுவியது தெரியாமல் அறுத்தார். கீழ்த் துணிகள் அத்தனையிலும் சட்டையின் கை குட்டையாகிப்போனது.

மச்சான் கத்தியைப் பிடுங்கினார். "குடிச்சிட்டு வந்தியா?"

"நீங்க குடுத்ததத்தான் குடிச்சேன்" என்று சொல்லி அங்கேயே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் குடல் வீக்கத்துக்கு மருந்து கொடுத்து, ரத்தக்குழாய் வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். "முதல்ல ரத்தம் போறத நிறுத்தணும். சாறால ஆகுற காரியமில்ல" என்றார் டாக்டர்.

"அதத்தான் நானும் இவன்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றார் மச்சான், கூசாமல்.

சில மாதங்களில் தெம்பு திரும்பியது. முழுதும் அல்ல, நிற்கும் அளவுக்கு. மச்சான் மேசையருகே உயரமான ஸ்டூல் போட்டு, எல்லார் முன்னாலும் கத்தியை நீட்டினார்.

மாஸ்டர் வாங்கவில்லை. நூல் பிசிறு நறுக்கும் பெண்களின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஒரு சட்டையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏன் என்று இரவில் மனைவி கேட்டபோது, "இங்க உக்கார யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல" என்றார்.