செல்லரித்த பாட்டு

என் மகன் மறைமலை நகரில் ஷிப்டு முடித்து வந்ததும் கேசட் போடுவான். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவான். அதைப் பார்த்தால் என்னால் உட்கார முடியாது. எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பேன். அறுபது வருஷம் ஆகப்போகிறது, அந்தப் பதற்றம் இன்னும் போகவில்லை.

தண்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு துரை பங்களா. அம்மாவுக்கு அங்கே பெருக்கித் துடைக்கிற வேலை. அப்பா இல்லாத எங்களுக்குப் பங்களாவின் பின்னறைதான் வீடு. வேலை போனால் அறையும் போகும்.

கூடத்தில் ஒரு பியானோ. விளக்குக்கு வைத்த டைனமோ ஓடும்போது காகிதச் சுருளை உள்ளே மாட்டி விசையைத் தட்டினால் போதும், கட்டைகள் தாமே அமுங்கி எழுந்து வாசிக்கும். விருந்தாளிகள் வாய் பிளப்பார்கள். துரைக்குப் பெருமை தாங்காது. துரைசானி பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருப்பார். தனியாக இருக்கும்போது மட்டும் சாப்பாட்டு மேஜையில் பத்து விரலாலும் தட்டிக்கொண்டிருப்பார். “தொரசானி எறும்பு நசுக்குது” என்பாள் அம்மா.

சுருள்களைத் துரை பெட்டியில் பூட்டி வைப்பார். ஒருநாள் விருந்துக்காகப் புதுச் சுருள் ஒன்றைப் பியானோ மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா தூசி தட்டும்போது அது உருண்டு விரிந்தது; தாள் முழுக்க ஓட்டை. அம்மா அலறினாள்.

“இன்னாடி இது, செல்லு அரிச்சிக் கீதே! பெருக்கறவ பாக்கலையான்னு என் தலையத்தான் உருட்டுவாங்க.”

சோற்றுப் பசை குழைத்து, பிஸ்கட் டின்னில் வரும் மெல்லிய தாளைக் கிழித்து, நீள ஓட்டைகளையெல்லாம் மூடினாள். பொடி ஓட்டைகளுக்குத் தாள் போதவில்லை.

சாயங்காலம் வண்டிகள் வந்து நின்ற பிறகுதான் சமையல்கார மாமாவிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் கரண்டியைக் கீழே போட்டார்.

“அடிப்பாவி! ஓட்டைதாண்டி பாட்டே! அத அடைச்சிட்டா எப்டிப் பாடும்?”

நான் அடுப்படிக்கும் கூடத்துத் திரைக்குமாக ஓடினேன். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். துரை விசையைத் தட்டினார். பாட்டு, இப்போது நான் பேசுகிற மாதிரி, பல் போய்ப் போய் வந்தது. யாரோ சிரித்தார்கள். துரையின் கழுத்து சிவந்தது. நிறுத்தக் கை நீட்டினார்.

அதற்குள் துரைசானி எழுந்து போய், விட்டுப்போன இடங்களில் தன் விரலை வைத்தார். எறும்பு நசுக்கிய அதே விரல்கள். பாட்டு முழுசானது. சுருள் ஓடி முடிந்த பின்னும் அவர் கை ஓயவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், துரையைத் தவிர.

விடிந்ததும் அம்மா துணிகளை மூட்டை கட்டினாள். துரைசானி பின்னறைக்கே வந்துவிட்டார். கக்கத்தில் இன்னொரு சுருள்.

“இதுவும் ஒட்டு. தொரைக்குச் சொல்லாதே.”

அம்மா பசை குழைக்க உட்கார்ந்தாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பாவம், ஓட்டைதான் பாட்டு என்று இவ்வளவு பெரிய துரைசானிக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே, ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று கதவுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.