பவளம் பறக்கவிடும் கொசுக்கள்

பூச்சாடித் தட்டுகளில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது அந்த வீட்டில் கபிலனின் வேலை. வியாழக்கிழமை மாலையும் தட்டுகளைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டே உள்ளே குரல் கொடுத்தார்.

"வீட்டுக்காரன் கொசு வராம பாத்துக்கணும். வீட்டுக்காரி கொசுவைக் கொண்டுவந்து விடணும். நல்ல குடும்பம் லா இது!"

வழக்கமாக இதற்குச் சிரிக்கும் பவளம் இன்று சிரிக்கவில்லை. அவருடைய ஹார்மோனியப் பெட்டிக்கு அடியில் ஒளிந்திருந்த தாள் அவள் கையில் இருந்தது. நம் அடுக்குமாடி புளோக்கில் கொசு விடுவதை நிறுத்தவேண்டும் என்று ஐந்தாம் மாடி சேவியர் வீடு வீடாக எடுத்துப்போன மனு. ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இருபத்தேழாவது கையெழுத்து கபிலனுடையது.

பவளத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் சாயம் பூசியவர். அவள் சிராங்கூன் சாலைப் புடவைக் கடை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் சேலை விரித்தாள், மடித்தாள், திரும்ப விரித்தாள். கடையை மூடியபின் டெங்கிக் கொசுவைக் குறைக்கும் திட்டத்தில் கிடைத்தது இந்த வேலை. விடிந்ததும் ஈசூனில் புளோக் புளோக்காகப் போய், பிளாஸ்டிக் குழாயைத் திறந்து தட்டி, ஆண் கொசுக்களைப் பறக்கவிடவேண்டும்.

தேக்கா சந்தையில் பழைய வாடிக்கைக்காரி ரஷீதா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் மீன் வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஊரே கொசு அடிக்குது, நீ கொசு விடுறியா?"

"ஆம்பிளைக் கொசு கடிக்காதுக்கா. பூந்தேனும் செடிச்சாறும்தான் அதுக்குச் சாப்பாடு. நாங்க விடுறதுக்கு உள்ள ஒரு பாக்டீரியா இருக்கு. அதோட சேர்ற வெளிப் பொம்பளைக் கொசு முட்டை போடும், ஆனா பொரிக்காது."

"பாவம் அந்தப் பொண்ணு," என்றாள் ரஷீதா, கடித்துக் கடித்தே தன் கணுக்காலைப் புள்ளிக்கோலமாக்கியிருந்தது அந்தப் பெண்தான் என்பதை மறந்து.

ரஷீதா சிரிக்கலாம். ஆனால் மனு நாளை அவளுடைய அலுவலகத்துக்குப் போனால் மேற்பார்வையாளர் நசீர் பெயர்களைப் பார்ப்பார். 'உங்க வீட்டிலேயே நம்பலையா, பவளம்?' என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது? முப்பது வருடம் அவளோடு வாழ்ந்தவர், மூன்று மாதம் முன்னால் குடிவந்த சேவியரின் பேச்சை நம்பியிருக்கிறார்.

தாளை அவர் முன்னால் நீட்டினாள். "உங்க பேரை அடிச்சு விடுங்க."

கபிலன் துடைத்த தட்டையே இன்னொரு தரம் துடைத்தார். "காதுகிட்ட வந்து ஙொய்ங்குது, பவளம். கடிக்குது. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"கடிச்சது ஆம்பிளையா பொம்பளையா, பாத்தீங்களா?"

"கொசுகிட்ட ஐசி கார்டு கேக்கவா முடியும்?"

"முடியும். உள்ள வாங்க."

சன்னல் திரையில் ஒன்று உட்கார்ந்திருந்தது. கண்ணாடி டம்ளரால் மூடி, அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகையைச் செருகினாள். "மீசையைப் பாருங்க. போத்தல் கழுவுற பிரஷ் மாதிரி சிலுப்பிக்கிட்டு நிக்குதா? இது ஆம்பிளை."

கபிலன் குனிந்து பார்த்தார். அவள் அவரையே பார்த்தாள்.

"அசையாதீங்க."

"ஏன்?"

"உங்க கெண்டைக்கால்ல ஒண்ணு."

இன்னொரு டம்ளர் அவர் காலில் பொத்தென்று கவிழ்ந்தது. அந்தக் கொசுவின் மீசை மெல்லிய இழை, அவ்வளவுதான். பெண். கபிலன் காலைத் தேய்த்துக்கொண்டு, டம்ளரைத் தட்டிக் காதில் வைத்தார். பிறகு முதல் டம்ளரை வைத்தார். திரும்ப இரண்டாவதை. கோயில் பஜனையில் சனிக்கிழமைதோறும் ஹார்மோனியம் வாசிக்கிறவர். எவர் குரலாவது இம்மி விலகினாலும் முகம் கோணுகிற ஆள். இப்போது அந்த முகத்தில் கோணல் இல்லை. பெட்டியைத் திறந்து கட்டைகளை அழுத்திப் பார்த்தார்.

"பவளம், இங்க வா! பொம்பளையை ஸ-ன்னு வச்சா, ஆம்பிளை கிட்டத்தட்ட ப-வுல நிக்குது!"

"பயிற்சியில நம்பர்தான் குடுத்தாங்க. இறக்கை அடிக்கிறது செகண்டுக்கு பொம்பளை நானூறு பக்கம், ஆம்பிளை அறுநூறு பக்கம்னு."

"நானூறுக்கு அறுநூறு. ஸ-வுக்குப் ப! அதேதான்!" கட்டையை மறுபடி அழுத்தி, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மெதுவாக, "என் காதுல பாடுறது கீழ் சுருதி. உன் ஆளு இல்ல," என்றார்.

"அப்ப?"

பேனா எடுத்து, தன் பெயர் மேல் இரண்டு கோடு போட்டார். ஒரு கோடே போதும். தாளை அவளிடம் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

பவளத்துக்கு மனம் இளகிவிட்டது. "இன்னொண்ணும் சொன்னாங்க. ரெண்டும் கிட்ட வந்தா, பறந்துக்கிட்டே இறக்கை வேகத்தை மாத்தி மாத்திச் சுருதி சேத்துக்குமாம்."

"அப்படியா!" கபிலன் பெட்டியை விட்டு எழுந்தேவிட்டார். "யாரு முதல்ல மாத்துறது? ஆம்பிளையா, பொம்பளையா?"

மணி ஏழாக ஐந்து நிமிடம் இருந்தது. சேவியர் வரும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை; ஐந்தாம் மாடிக்கே போய்க் காட்டிவிடலாம். ஒரு கையில் மனு, மறு கையில் சிலுப்பிய மீசைக்காரன் இருந்த டம்ளர்.

"ஏய், உன்னத்தான் கேக்குறேன். யாரு மாத்துறது?"

பவளம் செருப்பை மாட்டிக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்தாள்.