சைடு கொடுத்த கை

அன்று டிராக்டரில் இருந்தது சித்தப்பாவும் நானும் மட்டும்தான். அப்பா இல்லை. இண்டூரில் பங்காளி ஒருவர் இறந்துபோனதற்காக விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். அம்மாவும் இல்லை. கிழங்கு பிடுங்க வந்த ஆட்களோடு காட்டில் நின்றிருந்தார். சனிக்கிழமை என்பதால் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு காத்திருக்காது. ஒரு நாள் தள்ளினாலும் மாவு இறங்கிப்போகும், ஜவ்வரிசி ஆலையில் விலையைக் குறைத்துவிடுவார்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து சேலம் பக்கத்து ஆலைக்குப் போக வேண்டுமென்றால் மஞ்சவாடிக் கணவாயில் இறங்கியாக வேண்டும். மேட்டிலும் சமதளத்திலும் சித்தப்பாவை ஓட்டவிட்ட அப்பா, அந்த இறக்கத்தில் மட்டும் லோடோடு ஒருநாளும் விட்டதில்லை.

அப்பா ஓட்டினால் அது சாமி ஊர்வலம். ஒரே சீராக, ஒரே சத்தத்தில் போகும். "அமுக்குனா குடிக்கும், அமுக்காத போனா நக்கும்" என்று டீசலைப் பற்றிச் சொல்வார். பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிட்டால் போதும், இடது ஓரம் கட்டி நிறுத்திவிடுவார். எல்லாரும் போன பிறகுதான் எடுப்பார். பஸ் டிரைவர்கள் ஒரு ஹாரன் அடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். கணவாயில் இறங்கும்போது இரண்டாவது கியரைவிட்டு மாற்றவே மாட்டார். டிரெய்லருக்கென்று தனி பிரேக் கிடையாது. அத்தனை பாரத்தையும் இன்ஜின்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

சித்தப்பாவுக்கு இது பொறுக்காது. "ஏன்ணா, தானா எறங்கற எடத்துல என்னாத்துக்கு டீசல எரிக்கற? நியூட்ரல்ல உட்டா ஓசியிலயே அடிவாரம் போய்ச் சேந்துருலாம்" என்பார். எங்கள் பக்கத்தில் அப்படி இறங்குகிறவர்கள் நிறையப் பேர். அதை ஒரு கெட்டிக்காரத்தனமாகவே பேசிக்கொள்வார்கள்.

"ஓசியில மேலயும் போய்ச் சேந்துருலாம், போடா" என்பார் அப்பா.

அன்று வேறு ஆள் கிடைக்கவில்லை. அப்பா இழவு வீட்டிலிருந்து போன் செய்தார். பறைச் சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "செகண்ட்லயே எறங்கு. பின்னால வர்றவனுக்குச் சைடு குடு. இந்த லோட ஒழுங்கா கொண்டுபோய் எறக்கிட்டு வந்துடு, இனிமே ஸ்டீரிங் உன்னுது, நான் தொடமாட்டன்."

சித்தப்பாவுக்கு அப்போது இருபத்திமூன்று வயது. அந்த ஸ்டீரிங்கைத் தவிர வேறு எதையும் அவர் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?" என்று கேட்டதற்கு, அண்ணன் டிராக்டர் வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாராம். இனிமேல் டிராக்டர் ஓட்டுகிறேன் என்று சொல்லலாம். அதோடு டீசலையும் மிச்சம் பிடித்துக் காட்டிவிட்டால் அண்ணன் வாயடைத்துப்போவார் என்று அவருக்கு ஒரு கணக்கு.

கிழங்கை ஆளுயரத்துக்கு மேல் ஏற்றிவிட்டால் ஓட்டுகிறவருக்குப் பின்னால் வருவது எதுவும் தெரியாது. அதற்குத்தான் நான். வலது பக்க மட்கார்டில் பின்னால் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். அவ்வப்போது தலையைத் திருப்பி முன்னாலும் பார்த்து, எதிரே வண்டி வந்தால் பின்னால் வருகிறவருக்கு உள்ளங்கையைக் காட்டி நிறுத்த வேண்டும். சாலை காலியாக இருந்தால் கையை முன்னால் வீசி, போகலாம் என்று காட்ட வேண்டும். பஸ்ஸே என் உள்ளங்கைக்கு நிற்கும். அந்த வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் இருப்பதாக எனக்குத் தெரியாது.

கணவாய் தொடங்கும் இடத்தில் ஒரு பைக் பின்னால் வந்து சேர்ந்தது. இரண்டு பக்கமும் காலிப் பால் கேன்கள் தொங்கி, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. ஓட்டி வந்தவருக்கு அப்பா வயது இருக்கும்.

"என்னா கண்டக்டரே, போலாமா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இருங்கண்ணா, லாரி வருது."

"சரி, வேணும்னா ஒரு டிக்கெட் வாங்கிக்கட்டுமா?"

நான் சிரித்துவிட்டுச் சித்தப்பாவிடம் சொன்னேன். "பின்னால ஒரு பைக்கு வருது, ஓரம் கட்டுங்க சித்தப்பா."

"நின்னு எடுத்தா மடக்கு மடக்குனு குடிச்சிரும்டா. வரட்டும், அவனுக்கென்ன அவசரம்" என்றார். பிறகு கியர் கம்பியை நடுவில் தள்ளினார். "இப்பப் பாரு, ஓசிப் பயணம்."

இன்ஜின் சத்தம் தணிந்து, காற்றுச் சத்தம் எழுந்தது. முதல் வளைவில் சிரித்தேன். இரண்டாவது வளைவிலும் சிரித்தேன். பால்காரர் வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்தார். நான் வளைவுக்கு வளைவு உள்ளங்கையைக் காட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு நேர்ச் சாலை வந்தது. எதிரே எதுவும் இல்லை. கையை முன்னால் வீசினேன்.

அவர் வேகம் எடுத்து எனக்கு நேராக வந்துகொண்டிருந்தார். அதே நேரத்தில் சித்தப்பா கியரைப் போடப் பார்த்தார். அது விழவில்லை, பல்லைக் கடிப்பதுபோலக் கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. உடனே பிரேக்கில் ஏறி நின்றார். டிராக்டர் நின்றாலும் டிரெய்லர் நிற்கவில்லை. அது டிராக்டரைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளி, வாலை வலது பக்கமாக வீசியது. கேன்களின் சத்தம் கேட்டது. பிறகு சாலை முழுக்கக் கிழங்கு உருண்டு ஓடியது.

எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. டிராக்டர் மலைப் பக்கத்து மண்ணில் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. பால்காரர் டிரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தார். இடது கால் இருந்த நிலையை நான் எழுதப்போவதில்லை.

சித்தப்பா ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். கீழிருந்து வந்த ஒரு வேனை நிறுத்தி அதில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். "நீ கையக் காட்டுனியா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் என்னை அடிக்கவில்லை. மேலே ஏறிவந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "நீ வண்டியில வரல. புரியுதாடா? வரவே இல்ல" என்றார். அவர் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்து, கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் சித்தப்பா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நியூட்ரலில் இறக்கியதைச் சொன்னார். பின்னால் பார்க்காமலேயே கையைக் காட்டிப் போகச் சொன்னது தான்தான் என்றும் சொன்னார். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம். "நியூட்ரல் பத்தாதாப்பா, இது வேறயா? யாரு கேட்டா உன்ன?" என்றாராம். அம்மா இதை அழுதுகொண்டே பக்கத்து வீட்டில் சொன்னபோது நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பா பயத்தில் குழம்பிப்போயிருக்கிறார், கையைக் காட்டியது நானாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்வதானால் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அவருடைய லைசென்ஸ் போயிற்று. சிறைக்கும் போய் வந்தார். பெண் வீட்டார் அதற்கு முன்பே வேண்டாமென்று சொல்லிவிட்டிருந்தார்கள். இப்போது பெங்களூரில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்குகிறார். அங்கே சின்ன வண்டிகளை நகர்த்தி நிறுத்தச் சொன்னாலும் சாவியை வாங்கமாட்டார் என்று அவரோடு வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். கல்லூரிக்குப் போன வருடம், வழக்குக் காகிதங்களை எல்லாம் அப்பா ஒரு மஞ்சள் பையில் போட்டு, "என்னா எழுதியிருக்குதுன்னு பாரு" என்று கொடுத்தார். அதில் பால்காரரின் வாக்குமூலமும் இருந்தது. டிராக்டரை ஓட்டியவர் வலது கையை அசைத்து முந்திப்போகச் சொன்னதாகவும், வண்டியில் வேறு யாரும் இல்லை என்றும் அதில் இருந்தது. கீழே நடுங்கிய எழுத்தில் கையெழுத்து. அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டவில்லை. வாய்தாக்களை மட்டும் படித்தேன்.

விபத்து நடந்து சில மாதங்கள் கழித்து அப்பா என்னைப் பால்காரர் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார். ஏன் அழைத்துப் போனார் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். லுங்கியின் இடது பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவர் மனைவி எனக்கு டீ கொடுத்துவிட்டு, "இது யாருங்க, உங்க பையனா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் பால்காரரே பேசினார். "அவுரு பையன்தான். நானும் இன்னிக்கித்தான் மொதல்ல பாக்கறன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எத்தனாவது படிக்கற சாமி?"

"ஆறாவதுங்க."

"நல்லாப் படி" என்றார். என் கையைப் பிடித்து ஒரு பிஸ்கட்டை வைத்தார். கையை உடனே விடவில்லை.

தலையில் அடிபட்டதால் மனிதருக்கு நான் யாரென்று மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவ்வளவு நாளும் வயிற்றில் கனத்துக்கொண்டிருந்தது அங்கேயே கரைந்துபோயிற்று. பிஸ்கட்டைத் தின்றேன். இன்னொன்று கிடைக்குமா என்று தட்டைப் பார்த்தேன். அப்பா ஜன்னல் பக்கமாகத் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்க்கிறது என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி, வக்கீல், பால்காரருக்குக் கொடுத்தது எல்லாவற்றுக்குமாகக் கிணற்றுக்கு மேற்கே இருந்த ஒன்றரை ஏக்கர் போயிற்று. டிராக்டரும் டிரெய்லரும் அதற்குப் பின்னாலேயே போயின. அந்த ஓசிப் பயணத்துக்கு மொத்தம் பதினொரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.