ஸ்டேஜிங்கில் விட்ட விடுமுறை

எங்கள் அலுவலகம் பள்ளிக்கரணையில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. பள்ளிகள் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கான இணையதளம் ஒன்றை நடத்துகிறோம். தாம்பரம் பக்கத்துப் பள்ளிகள் சில எங்கள் வாடிக்கையாளர்கள். என் மகள் யூ.கே.ஜி. படிக்கும் பள்ளியும் அவற்றில் ஒன்று.

எங்கள் தளம் மூன்று இடங்களில் ஓடுகிறது. எங்கள் கணினிகளில் ஓடுவது டெவலப்மென்ட். அங்கே எதை உடைத்தாலும் வெளியே தெரியாது. பள்ளிகள் பயன்படுத்துவது லைவ். இரண்டுக்கும் நடுவே ஒத்திகைக்கென்று ஸ்டேஜிங். மூன்றிலும் நிரல் ஒன்றுதான். யாருடைய எண்களை எடுப்பது, எந்த ரகசியக் குறியீட்டைக் கொண்டு செய்தி அனுப்புவது என்று சொல்லும் சின்ன அமைப்புக் கோப்பு மட்டும்தான் மூன்றிலும் வேறு. ஸ்டேஜிங் கோப்பில் அலுவலகத்தில் இருக்கும் எங்கள் எண்கள்தான் இருக்க வேண்டும். மூன்று கோப்புகளையும் தனித்தனியாகப் பூட்டி வைக்கலாமே என்று எங்கள் டீம் லீடிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. "பண்ணிடலாம்மா" என்பார்.

அது மழைக்காலம். எனக்குக் காலை ஷிஃப்ட். மகளை வேனில் ஏற்றிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடுவது என் கணவரின் பொறுப்பு. அவள் மழைக்கோட்டைப் பள்ளிப் பையில் வைத்தேனா என்று பேருந்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். வைத்திருந்தேன். இருந்தும் யோசித்தேன்.

அன்று எனக்கிருந்த வேலை சின்னது. சில கைபேசிகளில் 'ழை' என்ற எழுத்து உடைந்து, கொம்பு தனியாகவும் ழகரம் தனியாகவும் வருவதாக மகளின் பள்ளியிலிருந்தே புகார் வந்திருந்தது. முந்தைய நாள் அதைச் சரிசெய்திருந்தேன். இனி ஸ்டேஜிங்கில் அனுப்பிப் பார்க்க வேண்டும். மற்றவர்களாக இருந்தால் 'டெஸ்ட்' என்று அடித்து அனுப்பியிருப்பார்கள். 'டெஸ்ட்'டில் ழை எங்கே இருக்கிறது? மகளின் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, புகாரில் இருந்த வாக்கியத்தையே ஒழுங்காக அடித்தேன்: 'கனமழை காரணமாக இன்று பள்ளிக்கு விடுமுறை.' முகவரியைப் பார்த்தேன், ஸ்டேஜிங். மேலே மஞ்சள் பட்டை, அதிலும் ஸ்டேஜிங். வீட்டில் கேஸ் குமிழைப் பார்ப்பதுபோல் மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்தினேன்.

என் கைபேசி அதிர்ந்தது. ழை முழுசாக வந்திருந்தது. அந்தச் சந்தோஷம் கணவர் அழைக்கும் வரைதான்.

"ஸ்கூல் லீவாமே? இப்பதான் மெசேஜ் வந்துச்சு. நான் குரோம்பேட்டை தாண்டிட்டேன். பாப்பா வேன்ல ஏறிட்டாளே."

அவர் எங்கள் அலுவலக ஊழியர் இல்லை. அவர் எண்ணுக்கு அந்தச் செய்தி போயிருக்கவே கூடாது.

லீடின் மேசைக்கு ஓடினேன். அவர் டீயை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "நேத்து டெமோவுக்காக லைவ் கோப்பை எடுத்துத் தரச் சொல்லி ஸ்டேஜிங்ல போட்டேன்மா. மாத்த விட்டுப்போச்சு போல."

"சொல்லவே இல்லையே சார்."

"ஸ்டேஜிங் லைவ் மாதிரியே இருக்கணும்னு நீங்கதானேம்மா கேட்டுட்டே இருந்தீங்க."

நான் கேட்டது நிரலின் பதிப்பைப் பற்றி, அமைப்புக் கோப்பைப் பற்றி அல்ல. அதைச் சொல்ல வாயெடுத்து, ஒருவேளை தெளிவாகச் சொல்லாமல் விட்டேனோ என்று நின்றபோது வேன்காரரின் அழைப்பு வந்தது.

"அக்கா, ஸ்கூல் லீவாமே. நான் பம்மல்ல கீறேன். பாப்பாவ வூட்ல வுட்டுடவா?"

"வேண்டாம்ணா, வீடு பூட்டியிருக்கு, யாரும் இல்ல. லீவு இல்ல, ஸ்கூலுக்கே போங்க."

"இன்னாக்கா நீங்க, மெசேஜ் வந்துகீதே. மத்த அம்மாங்கல்லாம் திருப்பினு வர சொல்றாங்க."

"அது தப்பா போன மெசேஜ். நான்தான் அனுப்பினேன்."

"நீங்களா? நீங்க இன்னா ஹெட்மிஸ்ஸா?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். "ஸ்கூல்லேர்ந்து மாத்தி மெசேஜ் வந்தா போறேன்கா. மழை வேற ஊத்துது. கொஞ்ச நேரம் ஓரமா நிக்கிறேன். வரலன்னா ஒவ்வொருத்தரா எறக்கினு போயிடுவேன்."

பூட்டிய கதவுக்கு வெளியே, கொட்டும் மழையில், பையோடு அவள். பள்ளி அலுவலகத்தை அழைத்தேன். எல்லாப் பெற்றோரும் அழைத்துக்கொண்டிருந்தார்கள் போல, லைன் கிடைக்கவில்லை.

"லைவ்லேர்ந்து திருத்தம் அனுப்பிடுங்கம்மா" என்றார் லீட்.

"லைவ்ல இப்ப எந்தக் கோப்பு சார் இருக்கு? எடுத்தப்ப ரெண்டும் இடம் மாறிடலையே?"

"இருக்காதும்மா."

"இருக்காதா, இல்லையா சார்?"

"பாக்கணும்." லைவைத் திறந்து பார்க்க அனுமதி இருந்த ஒரே ஆள், நேற்று அவருக்குக் கோப்பை எடுத்துத் தந்தவர், வேளச்சேரியில் தண்ணீர் தேங்கிய சாலையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

பெற்றோருக்குச் செய்தி போகும் என்று அந்த நேரத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே இடம் ஸ்டேஜிங்தான். நான் திரும்ப என் மேசைக்கு நடந்தேன். "ஸ்டேஜிங்லேர்ந்து நிஜ மெசேஜ் அனுப்பக் கூடாதும்மா, ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கு" என்று லீட் பின்னாலேயே வந்தார். என் வாழ்நாளில் பெரியவர்கள் வேண்டாம் என்று சொன்னதைச் செய்தது அபூர்வம். 'முந்தைய செய்தி தவறானது. பள்ளி இன்று வழக்கம்போல் நடைபெறும்' என்று அடித்தேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அழுத்தினேன்.

வேன்காரர் அழைத்தார். "இதுவும் நீங்க அனுப்புனதாக்கா?"

"ஆமாண்ணா."

"இது நெசந்தானே? இன்னொன்னு வராதே?"

"வராதுண்ணா."

"ஒரே பேஜாரா பூட்ச்சுக்கா. காலைல இத்தினி அம்மாங்கள்ட்ட திட்டு வாங்கினேன்." வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பின்னால் பிள்ளைகள் லீவு வேண்டும் என்று கூச்சலிட்டார்கள். அதில் என் மகளின் குரல் நன்றாகவே கேட்டது.

முதல் பீரியட் முடியும் நேரத்தில் லைவிலிருந்து வழக்கமான வருகைச் செய்தி வந்தது. என் மகளின் பெயர், வகுப்பு, 'இன்று பள்ளிக்கு வந்துள்ளார்.' அதை எழுதிய நிரலும் என்னுடையதுதான். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பள்ளி அலுவலகத்தை மறுபடி அழைத்தேன். இந்த முறை லைன் கிடைத்தது.

"யூ.கே.ஜி.யில என் பொண்ணு வந்துட்டாளான்னு யாரையாவது அனுப்பிப் பார்த்துச் சொல்றீங்களா மேடம்?"

"உங்களுக்கு மெசேஜ் வரலையாமா?"

"வந்துச்சு மேடம்."

"அப்புறம் என்னமா?"

"நேர்ல பார்த்துச் சொல்லுங்க மேடம், ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு லைனிலேயே காத்திருந்தேன்.