முள்ளுக்கு நடுவே என் செய்

என் அய்யா சீதனமாகக் கொடுத்த செய், ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்ப் பாசனத்தின் கடைமடையில் இருந்தது. சின்ன நெல்வயல்தான். ஆனால் ஊரில் அதை என் வீட்டுக்காரர் செய் என்று யாரும் சொன்னதில்லை, என் செய் என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

அப்போது வரப்பில் நின்றால் கண்மாய்க்கரை வரைக்கும் பார்வை தடுக்காது. தரிசில் ஆள்காட்டிக் குருவி வெறும் மண்ணிலேயே முட்டையிட்டிருக்கும். கதிர் முற்றும் காலத்தில் வயலுக்குள் அங்கங்கே பனைமட்டையை நட்டு வைப்போம். பொழுது சாய்ந்தால் ஆந்தை அதில் வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும். பகலில் பருந்து பார்த்துக்கொள்ளும்.

நாடு விடுதலையாகிச் சில வருடம் கழித்து, வேலிக்கு நல்லது, விறகுக்கு நல்லது என்று சீமைக்கருவேல விதை ஊருக்குள் வந்தது. பக்கத்துச் செய்க்காரர்கள் வரப்போரம் ஊன்றினார்கள். நாங்கள் ஊன்றவில்லை. எங்களுக்கு அது வேறு வழியாக வந்தது.

மழை பொய்த்த ஒரு கோடையில் என் வீட்டுக்காரர் செய்யில் கிடை போடச் சொன்னார். ஆட்டு மந்தையை ராத்திரியில் வயலில் அடைத்தால் புழுக்கை எருவாகும். வருடா வருடம் செய்வதுதான். மந்தையை ஓட்டி வந்த கீதாரி வாய்ப்பேச்சுக்காரர். "நம்ம ஆட்டுப் புழுக்கை விழுந்தா கல்லுகூட மொளைக்கும் தாயி" என்றார். புல் எங்கும் இல்லாததால் ஆடுகள் பகலெல்லாம் தின்றது சீமைக்கருவேலங்காயைத்தான். பழுத்தால் மஞ்சளாக, இனிப்பாக இருக்கும். கொட்டை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்தது. முதல் மழைக்கு என் செய் முழுக்க முள்கன்று.

மறுபடி கீதாரி வந்தபோது, "கல்லு மொளைக்கலண்ணே, முள்ளுதான் மொளைச்சிருக்கு" என்றேன். ஆட்டு வாயைத் தைக்கவா முடியும் என்று கேட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கிடை இல்லாமல் எங்களுக்கு எரு இல்லை, அந்தக் காய் இல்லாமல் அவர் ஆட்டுக்குத் தீனி இல்லை.

நான் குனிந்து குனிந்து பிடுங்கினேன். சுற்றி இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வருவது நிச்சயமில்லை, முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டால் காசு நிச்சயம். போகப்போக என் செய் முள்காட்டுக்கு நடுவே கிணறு மாதிரிக் கிடந்தது. உள்ளே போக ஒரே ஒரு ஒற்றைத்தடம். அதையும் வெட்டிக்கொண்டே இருக்காவிட்டால் மூடிக்கொள்ளும். ஆள்காட்டிச் சத்தம் நின்றுபோனது, அதற்கு வெறுந்தரை வேண்டும். கவுதாரி பெருகியது, எலியும் பெருகியது. பனைமட்டை நட்டேன், ஆந்தையும் வந்தது. ஆனால் எலி குடியிருந்தது முள்தூரில். கதிரைக் கத்தரித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடும். அந்த முள்ளுக்குள் எந்த ஆந்தை இறங்கும்? பருந்தும் மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கண்மாய்ப் பக்கம் போய்விடும். அந்தப் பக்கத்தில் நெல் நின்றது என் செய்யில் மட்டும். அத்தனை எலிக்கும் அது ஒன்றுதான் சோறு.

கடைசியாக விதைத்த வருடம், அறுக்கப் போனால் பாதிக்குமேல் தாளில் கதிரே இல்லை. நெற்கட்டைத் தலையில் வைத்து அந்தத் தடத்தில் வரும்போது, இருந்த மணியையும் முள் இழுத்து உதிர்த்தது.

"விட்ரு புள்ள. எலிக்கு எதுக்கு வெள்ளாமை வைக்கிற?" என்றார் என் வீட்டுக்காரர்.

அவரிடம் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அந்த வருடம் எங்கள் அடுப்பு எரிந்ததும் அரிசி வாங்கியதும் புறம்போக்கில் மண்டிய அந்த முள்ளை வெட்டி விற்றுத்தான். அதை வேரோடு ஒழித்தால் நாங்கள் பட்டினி. வைத்திருந்தால் செய் போய்விடும்.

அடுத்த மழைக்கு நான் கன்று பிடுங்கப் போகவில்லை.

அந்தக் கன்றெல்லாம் மரமானதும் என் வீட்டுக்காரர் அங்கேயே கரிமூட்டம் போட இடம் பார்த்தார். விறகை அடுக்கி, வைக்கோலைப் பரப்பி, மேலே மண்ணைப் போட்டு மூட வேண்டும். மண் வெட்டிய இடத்தில் பிறகு நெல் விளையாது. மண்ணை எங்கே வெட்டுவது என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். இன்னொருத்தர் நிலத்தில் மண் கேட்டு நின்று எனக்குப் பழக்கமில்லை.

"நம்ம செய்யிலயே வெட்டுங்க" என்றேன். "நடுவுல வெட்டுங்க. அங்கனதான் மண்ணு பொலபொலன்னு இருக்கும்."